காணாமற்போன கோயில் திருமேனிகளை ஆவணப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து களவுபோன செப்புத்திருமேனிகள், கற்சிலைகள் ஆகியவற்றின் பழைய படங்களையும் பதிவுகளையும் திரட்டும் பணியில் இருப்பவர்களிடம் ஊர்ப் பெரியவர்கள், அறங்காவலர்கள், குருக்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

கேள்வி: ஒரு திருமேனி 'காணாமற்போனது' என்று எப்போது கொள்ளப்படும்?

திருட்டு மட்டுமே இதில் அடங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பூட்டை உடைத்துத் தூக்கிச் செல்லப்பட்டவை ஒரு வகை. படையெடுப்புக் காலங்களில் மண்ணில் புதைக்கப்பட்டு, புதைத்தவர்களோடு இடமும் மறக்கப்பட்டவை இன்னொரு வகை. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் மாற்றப்பட்டு, அசலுக்குப் பதில் நகல் திரும்பி வந்தவை மூன்றாவது வகை. இவை தவிர, பாதுகாப்புக்காக வேறொரு பெரிய கோயிலுக்கு அனுப்பப்பட்டு, எந்த ஊரிலிருந்து வந்தது என்ற சீட்டும் உதிர்ந்துபோய் அங்கேயே நிற்பவையும் உண்டு. அவை களவுபோகவில்லை என்றாலும், சொந்த ஊரைப் பொறுத்தவரை காணாமற்போனவையே.

தொலைந்த நாளும் தொலைந்தது தெரியவந்த நாளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில், பூசை அருகிப்போய்ப் பெரும்பாலும் பூட்டியே கிடந்த சோழர் காலக் கோயில். அங்கிருந்த நடராசர் உள்ளிட்ட எட்டுத் திருமேனிகள் 2006ஆம் ஆண்டு வாக்கில் கடத்தப்பட்டன. பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதற்காக 2008இல் அதிகாரிகள் கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது.

கேள்வி: நடராசர் திருமேனிகள் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கின்றன? ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் எப்படிச் சான்றாகும்?

ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றுவது நாம் முன்னாலிருந்து, அலங்காரத்தோடு, தீபாராதனை வெளிச்சத்தில் பார்த்துப் பழகியதால்தான். செப்புத்திருமேனி மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுவது. ஸ்தபதி மெழுகில் உருவைச் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார். உலோகம் ஆறியபின் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும். ஆகவே ஒரு மெழுகு உருவுக்கு ஒரு திருமேனிதான். அதே ஸ்தபதி அதே இலக்கணப்படி மறுநாள் செய்தாலும் இன்னொன்று இதைப்போல இருக்காது.

படத்தையும் பொருளையும் ஒப்பிடும்போது முகத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை. திருமேனியைச் சூழ்ந்த வளைவான திருவாசியில் எத்தனை சுடர்கள், அவற்றில் எது முறிந்திருக்கிறது, பீடத்துத் தாமரையின் எந்த இதழ் நசுங்கியிருக்கிறது, காலடியில் கிடக்கும் முயலகனின் கையில் உள்ள பாம்பு எப்படி வளைகிறது, வார்ப்பின்போது விழுந்த சிறு குழி எங்கே உள்ளது, பிற்காலத்தில் ஒட்டவைத்த விரல் எது என்று இப்படித்தான் ஒப்பீடு நகரும். பல நூற்றாண்டு அபிஷேகத்தில் மூக்கும் மார்பணியும் தேய்ந்திருக்கும் அளவும்கூட ஒவ்வொரு திருமேனிக்கும் வேறுபடும். இத்தகைய அடையாளங்கள் ஆறேழு பொருந்திவிட்டால், தற்செயல் என்று வாதிடுவது எந்த வழக்கறிஞருக்கும் எளிதன்று.

கேள்வி: புதுச்சேரியில் உள்ள படத்தொகுப்பைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். அது என்ன?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபில்லியோசாவின் காலத்தில், தென்னிந்தியக் கோயில்களையும் அவற்றின் சிற்பங்களையும் படமெடுக்கும் பணி 1956 முதல் நடக்கத் தொடங்கியது. கோயில் கட்டடக்கலை, ஆகமம், படிமக்கலை ஆகியவற்றை ஆராய்வதே நோக்கம். திருட்டைப் பற்றி அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். படமெடுப்பவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, பெரிய கோயில், சிறிய கோயில் என்ற வேறுபாடு பாராமல் எடுத்த படங்கள் இன்று 1,60,000க்கும் மேல் உள்ளன.

அப்படி வேறுபாடு பாராததுதான் பின்னாளில் கைகொடுத்தது. புகழ்பெற்ற கோயில்களின் படம் எங்கும் கிடைக்கும். களவு நடந்ததோ பெரும்பாலும் பெயர் தெரியாத ஊர்களில். மயிலாடுதுறை மாவட்டம் ஆனந்தமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயிலின் இராமர், இலக்குவன், சீதை திருமேனிகள் 1978இல் திருடுபோயின. 1958இல் எடுக்கப்பட்டிருந்த படங்களைக் கொண்டு அவை இலண்டனில் அடையாளம் காணப்பட்டு 2020இல் திரும்பி வந்தன. திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982இல் களவுபோய், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள கலைக்கூடத்துக்குச் சென்று சேர்ந்தவர். அவர் 2019இல் திரும்பியதற்கும் அதே 1958ஆம் ஆண்டுப் படங்களே துணை.

ஸ்ரீபுரந்தான் நடராசரின் கதை இன்னும் கூர்மையானது. நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூரிடமிருந்து கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியது. கலாசாரப் பொருள்களின் சட்டவிரோத ஏற்றுமதிக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானது. இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. எனவே, அதற்கு முன்பே ஒரு பொருள் இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாகக் காட்டும் தாள் இருந்தால் வாங்குபவருக்கு நிம்மதி. இந்த நடராசருக்கும், 1971க்கு முன்பே வெளியேறியதாகக் காட்டும் அப்படியொரு தாள் இருந்தது. ஆனால் 1994இல் அதே திருமேனி ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் நிற்பதைப் புதுச்சேரித் தொகுப்பின் படம் காட்டியது. 1971க்கு முன் நாட்டை விட்டுப் போன சாமி 1994இல் கோயிலில் எப்படி நின்றார் என்ற கேள்விக்கு விடை ஏது? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், இந்த நடராசரையும் சிட்னி கலைக்கூடத்தில் இருந்த விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையையும் தில்லியில் ஒப்படைத்தார். 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

கேள்வி: படமே இல்லாத திருமேனிக்கு வழி உண்டா?

வழி உண்டு, ஆனால் கடினம். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்துகிடந்த சிவன் கோயிலருகே 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டியபோது நடராசர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்த அந்தத் திருமேனியைக் கனடிய நிறுவனம் ஒன்று வாங்கியிருந்தது. மண்ணுக்கடியில் கிடந்த சாமிக்கு யார் படம் எடுத்திருப்பார்கள்? வழக்கில் மண்ணே சாட்சி சொன்னது. அதே இடத்தில் பின்னர் தோண்டியெடுக்கப்பட்ட மற்றத் திருமேனிகளில் ஒட்டியிருந்த மண்ணும், அவற்றின்மேல் கரையான் ஊர்ந்த தடங்களும், நடராசரின்மேல் இருந்தவற்றோடு ஒப்பிடப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி இலண்டன் நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியம் அளித்தார். 1988இல் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது; மேல்முறையீட்டிலும் அது உறுதியாகி, 1991இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார். யாராவது அதற்குள் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கியிருந்தால் அந்தச் சான்று அழிந்திருக்கும். மண்ணோடு கிடைக்கும் எதையும் கழுவாதீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

படம் இல்லை என்று ஊர் சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. கும்பாபிஷேக மலர்கள், திருவிழாப் பத்திரிகைகள், உபயதாரர் வீட்டில் மாட்டியிருக்கும் சட்டமிட்ட படங்கள், கோயிலில் நடந்த திருமணங்களின் ஆல்பங்கள் ஆகிய நான்கையும் தேடியபின்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். ஒரு ஊரில் மலரின் உள்ளட்டையில் தபால்தலை அளவுக்கு அச்சாகியிருந்த சோமாஸ்கந்தர் (சிவனும் அம்பாளும் நடுவே முருகனும் உள்ள திருமேனி) படம்தான் கிடைத்தது. மை பரவி, அம்பாள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அதன் மூலப்படம் பழைய குருக்கள் வீட்டுப் பரணில், பஞ்சாங்கக் கட்டுக்கு நடுவே, ஓரம் சுருண்டு இருந்தது. பின்புறம் ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் இருந்தன. படத்தில் குருக்களின் கை திருமேனியின் மார்பை மறைத்திருந்தது. ஆனால் பீடத்தின் இருபுறமும் திருவாசி செருகும் துளைகளும், இடப்பக்கத் துளையின் விளிம்பு உடைந்திருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. ஊரே மறந்திருந்த அந்த உடைசல்தான் இப்போது அத்திருமேனியின் முதன்மை அடையாளம்.

படத்தை எடுத்த ஸ்டூடியோவையும் தேடிப்போனோம். கடை மூடி வெகுகாலமாகியிருந்தது. நெகட்டிவ்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: கோயிலில் இப்போது நிற்பது அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951இல் வயலில் கிடைத்த நடராசர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பழுதுபார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட திருமேனிக்குப் பதிலாக நகல் திரும்பி வந்தது; கோயிலில் அதற்கே பூசை நடந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், அசல் பம்பாயில் தனியார் ஒருவரிடம் இருப்பதாக 1965இல் எழுதியபோதுதான் விவகாரம் வெளியே வந்தது. பின்னர் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனம் 1973இல் அதை வாங்கி, நெடிய வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பின் 1986இல் அது திரும்பியது.

நகலைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்று துணிபவர்களை நான் நம்புவதில்லை. பழைய எடை, பழைய உயரம், பழைய படம் ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு பிற்பகலில் ஐயம் தீர்ந்துவிடும். பழுதுபார்க்க அனுப்பும் முன்பும் திரும்பி வந்த பின்பும் எடை பார்த்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் மட்டும் இருந்திருந்தால் சிவபுரத்தில் அது நடந்திருக்காது.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருமேனிகளை நாங்களே பதிவுசெய்ய விரும்புகிறோம். எப்படிச் செய்வது?

முதலில் கோயிலின் செயல் அலுவலர் அல்லது தக்காரின் (அறங்காவலர் இல்லாதபோது பொறுப்பில் இருப்பவர்) எழுத்துபூர்வ அனுமதியைப் பெறுங்கள். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும். திருமேனிகளும் அதில் இடம்பெற வேண்டியவையே. அந்தப் பதிவேட்டில் 'அம்மன் உலோகச் சிலை 1' என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வைத்துக்கொண்டு உலகில் எந்த அம்மனையும் மீட்க முடியாது.

திருவிழாவுக்கு முன் உற்சவருக்குத் திருமஞ்சனம் நடக்கும் நாளே படமெடுக்க உகந்தது. அன்றுதான் பட்டும் மாலையும் கவசமும் இல்லாமல் திருமேனி முழுதாகத் தெரியும். சந்தனமும் பாலும் கழுவித் துடைத்தபின், பின்னால் கோடுகளற்ற துணியைப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுங்கள். நேர்முன் ஃபிளாஷ் போட்டால் உலோகம் மின்னி நுணுக்கங்கள் மறைந்துவிடும். முன், பின், இடம், வலம், பீடம், பீடத்தின் அடிப்புறம் என வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அளவுகோல் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு விட்டால் முதுகுப்புறத்தைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். முன்பக்கப் படம் எப்படியாவது எங்காவது கிடைத்துவிடும். தலையின் பின்புறமுள்ள சிரசக்கரமும், பின்னால் விழும் சடையும், இடைக்கச்சின் முடிச்சும் தெரியும் படம் அநேகமாக எந்த ஊரிலும் இல்லை.

பிறகு அளவுகள். பீடத்தோடும் பீடமின்றியும் உயரம், அதிகபட்ச அகலம், எடை ஆகியவற்றைக் குறியுங்கள். நியாயவிலைக் கடைத் தராசை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி எடை பார்த்த ஊர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பீடத்தில் எழுத்துப் பொறிப்பு இருந்தால் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி படமெடுங்கள். குறைகளைத்தான் அதிகம் எழுத வேண்டும்: 'வலது பின்கைச் சுட்டுவிரல் நுனி இல்லை, இடது காதணியில் ஒட்டு, பீடத்தின் பின்புறம் இரண்டு அங்குல நீளக் கீறல்' என்பது போல. கலைப்பொருள்களை விவரிக்க 1997இல் வெளியிடப்பட்ட ஆப்ஜெக்ட் ஐடி என்னும் பன்னாட்டு முறையும் ஏறக்குறைய இவற்றையே கேட்கிறது: பொருளின் வகை, மூலப்பொருள், அளவு, பொறிப்பு, தனி அடையாளம், உருவப் பொருள், காலம், செய்தவர். காலத்தைப் பற்றி உறுதியில்லை என்றால் எழுதாமல் விடுங்கள்; 'ஆயிரம் வருஷத்துச் சிலை' என்ற ஊர்ப் பெருமை ஆவணத்தில் ஏறினால் பின்னால் வழக்கில் எதிர்த்தரப்புக்கே உதவும்.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடுவது இன்று நடக்கும் மிகப்பெரிய தவறு. அவ்வாறு அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டு, எடுத்த நாள் நேரம் போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துபோகின்றன. கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பை அப்படியே மூன்று இடங்களில் வைத்திருங்கள். அவற்றில் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். அச்சிட்ட ஒரு தொகுதியில், எடுத்தவரும் குருக்களும் அறங்காவலரும் தேதியோடு கையெழுத்திடட்டும்.

கேள்வி: திருமேனியை வெளியாட்கள் தொடலாமா? குருக்கள் ஒப்புக்கொள்வாரா?

தொடவேண்டிய அவசியமே இல்லை. அளவு நாடாவைக் குருக்களிடமோ பட்டாச்சாரியாரிடமோ கொடுத்து, அவர் அளந்து சொல்வதை வெளியே நின்று எழுதிக்கொள்வதே முறை. அவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. அந்தத் திருமேனியை நாள்தோறும் தொட்டு நீராட்டுபவர் என்பதால், எந்த விரல் எப்போது உடைந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். மறுத்தால் வற்புறுத்தாமல், மூலவரை விட்டுவிட்டு உற்சவர்களை மட்டும் பதிவுசெய்ய அனுமதி கேளுங்கள்.

கேள்வி: படங்களை இணையத்தில் போட்டால் திருடர்களுக்கு வழிகாட்டுவதாகாதா?

நியாயமான அச்சம். ஆயினும் திருமேனி எங்கே இருக்கிறது என்பது திருட வருபவருக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருப்பது வாங்க வருபவருக்குத்தான். படம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும் பொருளை எந்த அருங்காட்சியகமும் இன்று வாங்கத் தயங்கும். ஆகவே படத்தை வெளியிடலாம். வைத்திருக்கும் அறை, பூட்டு, சாவி யாரிடம் என்பன போன்ற செய்திகளை வெளியிடக் கூடாது. எடையையும், ஒரு தனி அடையாளத்தையும் மட்டும் வெளியே சொல்லாமல் ஆவணத்திலேயே வைத்திருங்கள். பின்னால் ஒருவர் 'இதுதான் அது' என்று வரும்போது சரிபார்க்க அது பயன்படும்.

கேள்வி: களவு நடந்தது தெரிந்தால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். புகாரோடு படங்களையும் அளவுகளையும் இணைத்து, இணைப்பு எத்தனை பக்கம் என்பதைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள். 1983இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும், அறநிலையத் துறைக்கும் அதே தொகுதியை அனுப்புங்கள். இன்டர்போலின் களவுபோன கலைப்பொருள் தரவுத்தளத்தில் ஒரு பொருள் ஏறுவது காவல் துறை வழியாகத்தான். அதிலும் தெளிவான படமும் விவரமும் கேட்கப்படும். முதல் தகவல் அறிக்கையின் நகலை ஊரில் இருவராவது பத்திரப்படுத்தி வையுங்கள். திருமேனி நாற்பது ஆண்டு கழித்து வெளிநாட்டில் கண்ணில் படும்போது, காவல் நிலையத்துத் தாள் இருக்குமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

கேள்வி: நிலத்தில் தோண்டும்போது திருமேனி கிடைத்தால்?

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சொன்னால் போதும். கிடைத்த குழியையும், கிடந்த கோலத்தையும் எடுப்பதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள்.

கேள்வி: நம் முன்னோர்களிடம் இப்படிப் பதிவுசெய்யும் வழக்கம் இருந்ததா?

இருந்தது, நம்மைவிட நன்றாகவே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் மற்றவர்களும் எழுந்தருளுவித்த செப்புத்திருமேனிகளைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. 'பாதாதி கேசாந்தம்', அதாவது பாதத்திலிருந்து முடி வரை, இத்தனை முழம் இத்தனை விரல் உயரம் என்றும், கைகள் எத்தனை என்றும், கனமாக வார்க்கப்பட்டதா உள்ளே பொள்ளலாக உள்ளதா என்றும், பீடத்தின் நீள அகல உயரம் என்ன என்றும் எழுதப்பட்டுள்ளன. அணிகலன்களைப் பொன்னாகவும் மணியாகவும் பிரித்து, ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லால் நிறுத்த எடையைக் கழஞ்சு என்னும் பழைய நிறையளவில் தருகிறார்கள். உயரம் எந்தக் கோலால் அளக்கப்பட்டது என்பதைக்கூடச் சொல்லும் அந்தக் கணக்கர்களை நினைத்தால், 'உலோகச் சிலை 1' என்று எழுதும் இக்காலப் பதிவேட்டின்மேல் சற்றுக் கோபமே வருகிறது. அவர்கள் பட்டியலிட்ட திருமேனிகளில் மிகச் சிலவே இன்று அக்கோயிலில் உள்ளன.

கேள்வி: மீட்கப்பட்ட திருமேனி மீண்டும் ஊர்க் கோயிலுக்கே வருமா?

எப்போதும் அல்ல. வழக்கு நடக்கும்வரை அது நீதிமன்றச் சான்றுப் பொருள். அதன்பிறகும், ஊரில் பாதுகாப்பான அறை இல்லையென்றால் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்படும். அங்கே அபிஷேகமும் அலங்காரமும் இன்றி வரிசையாக நிற்பதைக் கண்டு ஊர்க்காரர்கள் மனம் நோவதில் நியாயம் இருக்கிறது. காற்றோட்டமில்லாத ஈர அறையில் செம்பில் பச்சை நிற அரிப்பு பரவும் என்ற கவலையும் உண்மையானது. திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு எழுந்தருளச் செய்து திரும்ப ஒப்படைக்கும் ஏற்பாடு சில ஊர்களில் இருக்கிறது. எழுதிக் கேட்டால் பரிசீலிக்கிறார்கள்.

எங்கே வைக்கப்பட்டாலும், ஆவணத்தில் அத்திருமேனியின் பக்கத்தை மூடிவிடாதீர்கள். திரும்பிய வாரத்திலேயே மீண்டும் அளந்து, எடை பார்த்து, வெளிநாட்டில் துலக்கப்பட்டிருந்தால் அதையும், புதிதாகப் பொருத்திய தாங்குதண்டு ஏதும் இருந்தால் அதன் தழும்பையும் குறித்து, புதிய படங்களைப் பழைய படத்துக்கு அடுத்த தாளில் ஒட்டி, அன்றைய தேதியை எழுதிவையுங்கள்.